தேத்தண்ணியில் போட்ட உப்பு

சேசு மரி சூசை

செராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
4.8.1957, ஞாயிறு

அன்பு மருமகள் பிரிஜட்டுக்கு,

உன் தாய்மாமன் மரியஅந்தோணி, பூசை முடிந்து வந்த கையோடு, பசியாறாமல் உட்கார்ந்து எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரர் லாசரஸும் உடம்பளவில் சுகம். நீயும் உன் அம்மாவும் குழந்தையும் அங்கே குறைவில்லாமல் இருக்க மாதா பார்த்துக்கொள்வாள்.

உன் மாமனுடைய பேர் இந்தத் துறைமுகத்தில் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டை உடைத்துவிட்டு ஓடியவன், இன்றைக்குக் கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் நூற்றிருபது பேரை வேலை வாங்கும் மண்டோர். என் விசில் சத்தம் கேட்டால் கடலே ஒரு நிமிஷம் நின்றுதான் அலையடிக்கும். நூற்றிருபது என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தேன். நாற்பது பேர்தான் அம்மா. இந்தக் கடிதத்தில் கணக்கு சரியாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

மாப்பிள்ளையைக் கப்பல் தட்டில் கை காட்டும் வேலையில் சேர்த்தபோது மூன்று சோதனை வைத்தேன், மூன்றிலும் முதலாவதாகத் தேறினார் என்று உனக்கு எழுதினேன். நீ அதை ஊரெல்லாம் வாசித்துக் காட்டியதாகவும் பதில் வந்தது. வைத்த சோதனை ஒன்றே ஒன்றுதான். வேலை கேட்டு வருகிற எல்லாரையும் நான் துறைமுக வாசலில் உள்ள சரபத் கடைக்குக் கூட்டிப்போவேன். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வைத்து, தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போடச் சொல்வேன். பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். முகம் சுளித்துத் துப்புகிறவன் வாய்த்துடுக்கு, நாளைக்கு எதிர்த்துப் பேசுவான் என்று அனுப்பிவிடுவேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் ஆள் எடுக்கிறேன். உன் வீட்டுக்காரர் கிளாஸை அடிவரை குடித்துவிட்டு, “நல்லாருக்கு மாமா, இன்னொண்ணு சொல்லவா?” என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். இவன்தான் என் ஆள் என்று தோளில் தட்டினேன்.

அந்த வேலை என்னவென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் மூட்டையைக் கயிற்றில் கட்டுவார்கள். மேலே அதைத் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. நடுவே திறப்பின் விளிம்பில் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் கையைத் தூக்கினால் மூட்டை ஏறும், முஷ்டியை மடக்கினால் நிற்கும். கீழே இருக்கிறவன் உயிர் அவன் கையில். மண்டோரே கத்தினாலும், கப்பல் கேப்டனே கத்தினாலும், தன் கண்ணுக்குச் சரியில்லை என்றால் அவன் முஷ்டியை இறக்கக் கூடாது. புது ஆள் பழைய ஆளுக்குப் பக்கத்தில் ஆறு மாதமாவது நின்று பழக வேண்டும். நான் ஒன்பதாம் நாளே மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தினேன். என் சொந்தக்காரன், ஒன்பது நாளில் கற்றுக்கொள்வான் என்று கம்பெனியில் பேச வேண்டும் எனக்கு.

போன மாதம் 17ந் தேதி அரிசி இறக்கினோம். மழை வரும்போல் இருந்தது. கயிற்றுச் சுருக்கில் கட்டி ஏற்ற இன்னும் இருபது சுருக்கு மூட்டை பாக்கி. அன்றைக்கு எங்கள் கூட்டம்தான் முதலில் முடிக்கும் என்று பக்கத்துக் கப்பல் மண்டோரிடம் நான் சவால் விட்டிருந்தேன். மாப்பிள்ளை முஷ்டியை மடக்கினார். உள்ளே மூட்டை கட்டுகிற கோவிந்தசாமி இன்னும் மூட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், கயிறும் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது என்றார். நான் எட்டிப் பார்க்கவில்லை பிரிஜட். பின்னால் நின்றபடியே, “ஏத்து மாப்பிள்ளை, நான் சொல்றேன்ல, ஏத்து” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

கயிறு நழுவி மூட்டைகள் கீழே சரிந்தன. கோவிந்தசாமிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. உயிர் இருக்கிறது. மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி தங்கம் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டது. நான் மழையைப் பற்றி, அரிசி விலையைப் பற்றி ஏதேதோ பேசினேன். கோவிந்தசாமி கூரையைப் பார்த்துக்கொண்டே, “மண்டோரே, மேலருந்து யாரு ஏத்தச் சொன்னது?” என்று கேட்டார். பழம் வாங்கி வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை வந்தது. கம்பெனியில் ஆள் எடுப்பதற்கென்றே புதிதாக ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருக்கிறார். அவரும் சோதனை வைக்கிறார். வேண்டுமென்றே தப்பான உத்தரவு கொடுப்பார், செய்கிறவனை எடுக்க மாட்டார். அவர் வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த விசாரணையும் அவர் கையில்தான். அவர் முன்னால் மாப்பிள்ளை போய், யாரும் சொல்லவில்லை, நானாகவே கை தூக்கினேன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வின்ச்சில் இருந்த நாகூர் கனி பாயைக் கேட்டால், இயந்திரச் சத்தத்தில் காதில் எதுவும் விழவில்லை, கையை மட்டும் பார்த்தேன் என்கிறார். அவர் மேல் தப்பில்லை. கையை மட்டும் பார்ப்பதுதான் அவர் வேலை.

பத்து நாள் சும்மா இருந்தேன். அதையும் மறைக்கவில்லை. பிறகு நானே துரையிடம் போய், ஏற்றச் சொன்னது நான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மொழிபெயர்க்கிற ஆபீஸ் கிராணி சொல்லி முடித்ததும் துரை சிரித்தார். கிராணி என்னிடம், “அந்தோணி, போன வருஷம் சுறாவைக் கையாலேயே பிடிச்சேன்னு சொன்னவர்தானே நீங்க? சொந்தக்காரனைக் காப்பாத்த இதையும் சொல்றீங்க. துரை நம்பல” என்றார். சத்தியம் செய்தேன். போன வருஷம் சுறாவுக்கும் அப்படித்தான் சத்தியம் செய்தீர்கள் என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒன்றும் சேர்க்காமல் பேசினேன், அது விலை போகவில்லை.

இப்போது நிலைமை இதுதான். வருகிற 20ந் தேதி செவ்வாய்க்கிழமை கடைசி விசாரணை. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்பார்கள். மாப்பிள்ளை பழைய பேச்சையே பேசினால் வேலை போகும். கவனமில்லாமல் ஆளை முடமாக்கியவன் என்று பேர் எழுதிவிடுவார்கள், பிறகு எந்தக் கப்பலிலும் எடுக்க மாட்டார்கள். நீ குழந்தையோடு இங்கே வருவதும் அதோடு போயிற்று. உண்மையைச் சொல்லச் சொல்லி நான் கெஞ்சினேன், அதட்டியும் பார்த்தேன். “கொண்டுவந்து வேலை போட்டுக் கொடுத்தவங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் மாமா” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். உங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லி அவர் கேட்காமல் போனது இது ஒன்றுதான். சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்றைக்குப் பூசைக்கு நான் போட்டுப்போன சட்டைகூட அவர் துவைத்ததுதான். அதைப் போட்டுக்கொண்டு சாமியார் முன்னால் முழங்காலில் நின்றேன். சாமியார் பாவ மன்னிப்புக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இன்று மாலை போகிறேன். இந்தத் தடவை கோவிந்தசாமி கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்.

இதை விமானத் தபாலில் போடுகிறேன். கிடைத்த அன்றே நீயும் விமானத் தபாலில் அவருக்கு எழுது. தந்தி வேண்டாம், நான் கொடுக்க வைத்தேன் என்று நினைப்பார். உன் கையெழுத்தில், உன் வார்த்தையில் இருக்க வேண்டும். மாமா முன்னால் நின்று மாமாவுக்கு எதிராகப் பேசு என்று எழுது. அது நன்றி கெட்ட செயல் இல்லை என்று எழுது. என் மண்டோர் வேலை போகும், போகட்டும். சந்தையில் மூட்டை தூக்கினால் ஒரு வயிறு நிறையாதா? உன் மாமன் எந்தச் சந்தையிலும் ராஜாதான். நான் மனம் நோவேன் என்று அவர் கவலைப்பட வேண்டாம். அவர் வாயைத் திறக்காவிட்டால்தான் நோவேன்.

உன் அம்மாவிடம் இப்போது எதுவும் வாசித்துக் காட்டாதே. 20ந் தேதிக்குப் பிறகு நானே எழுதுகிறேன்.

குழந்தை பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டு வேண்டாம், வேண்டாம் என்று கத்துகிறாள், பிடிவாதக்காரி என்று எல்லாரும் அதட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல் அம்மா. கத்தட்டும். அவளுக்கும் உனக்கும் மாதாவின் ஆசீர்வாதம் என்றைக்கும் இருக்கட்டும்.

உன் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்,
மாமா
ம. மரியஅந்தோணி