வலது பக்கப் பொக்கற்

ஒக்டோபர் 7, செவ்வாய்

தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது. இன்று ஆண்கள் போடும் ஒரு சேட்டுக்கு நெஞ்சுப் பொக்கற்றை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். கடைக்காரி ஹாலிதா அக்கா அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "எந்த ஆம்பிளை புள்ள இந்தப் பக்கம் பேனை குத்துவான்? பிரி, பிரி."

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தால் நின்றபோது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதை யாரிடம் சொல்வது? இந்தக் கடையில் மட்டும் அப்படி வருவதில்லை.

ஒக்டோபர் 8, புதன்

அப்பாவின் போனுக்கு யாரோ ஒரு பேஸ்புக் பதிவை அனுப்பியிருந்தார்கள். மூன்று ஆண்கள் நெற்குவியலில் சிவப்பாக ஏதோ ஊற்றும் படம், கீழே எங்கள் ஊர்ப் பெயர். 'நெளுக்குளத்தில் அநியாயம்! பழைய நெல்லுக்குச் சாயம் பூசி விதைநெல் என்று விற்கிறார்கள். அழிக்கப்படும் முன் பகிருங்கள்!'

"பிள்ளை, உதைக் கமக்காரர் குறூப்புக்குப் போட்டுவிடு," என்றார் அப்பா. போனில் அப்படியான வேலை எப்போதும் என்னுடையதுதான். ஊர் விவசாயிகள் எல்லாரும் இருக்கும் அந்தக் குறூப்பில் போட்டுவிட்டு உலை வைக்கப் போனேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

பதிவில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் விதைநெல் விற்பவர் ஒரே ஒருவர்: எங்கள் கடைக்கு அடுத்த கதவில், ஹாலிதா அக்காவின் கணவர் நஜீம் நானா. காலையில் ஏழு பேர் அவரிடம் வாங்கிய மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து அவருடைய வாசலில் இறக்கினார்கள். கமக்காரர் அமைப்பின் செயலாளர் கோகுலன் மாமாவின் குரல் மட்டும் எங்கள் பக்கம் வரை கேட்டது: "ஞாயிறு கூட்டத்தில முடிவெடுப்பம். உங்கட ஆக்களிட்ட இனி வாங்கிறேல்லை எண்டு."

அக்கா மெசினை நிறுத்தினார். "தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள எல்லாம் வெளியேத்தினப்போ, உம்மா ஒருக்கா முல்லைத்தீவ விட்டு வெளிக்கிட்டவ. எனக்கு அந்தக் கதை போதும் புள்ள."

அனுப்பினது நான். ஐயோ, நான்தான். சொல்லேல்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதைப் போட்ட பக்கம் தொடங்கி ஒன்பது நாள்தான். அதே படம், அதே வசனம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வேறு இரண்டு ஊர்களுக்கும் போட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் 'அழிக்கப்படும் முன்'. ஏன் இந்த அவசரம்? எங்களை யோசிக்க விடாமல் இருக்கவோ?

பிறகுதான் கண்ணில் பட்டது. மூன்று பேருக்கும் பொக்கற் வலது பக்கம்! சேட்டுத் தெறிகளைத் துளையில் பூட்டும் பக்கமும் மாறி. மூன்று தையற்காரரும் என்னைப் போலவே பிழை விட்டார்களோ? இல்லை — கண்ணாடியில் தெரிவது போலப் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

போனில் மறுபடி திருப்பினேன். படத்தில் இருந்த சாக்கில் கிறுக்கலாகத் தெரிந்தது ஹிந்தி எழுத்தாகியது. அந்தப் படத்தைக் கொடுத்து கூகிளில் தேடினேன். ஏழு வருடத்துக்கு முந்தியது. இந்தியாவில் எங்கோ, விதைக்குப் பூச்சிமருந்து கலக்கிறார்கள். களவு வேலை இல்லை, வழக்கமாகச் செய்வதுதான்.

இரண்டு படத்தையும் போனில் சேமித்து வைத்தேன்.

ஒக்டோபர் 11, சனி

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். முதலில், அனுப்பியது நான் என்பதை.

"நீயா?"

மெசின் பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு போனைக் கேட்டு வாங்கி, படத்தில் அந்தப் பொக்கற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதக் கூட்டத்தில ஆரு சொல்லுறது?"

ஆர்?

ஒக்டோபர் 12, ஞாயிறு

எழும்பினேன். நாற்பது பேர். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பாவின் சேட்டைக் காட்டி, "பொக்கற் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ," என்பது மட்டும் வந்தது. அத்தனை பேரும் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு மிச்சத்தையும் சொன்னேன். குறூப்புக்குப் போட்டது நான் என்பதையும்.

கோகுலன் மாமா விடவில்லை. "படம் பொய்யெண்டா நெல்லு நல்லதெண்டு ஆகுமோ?"

"ஆகாது மாமா. முளைக்கப் போட்டுப் பாப்பம்."

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "பிரதாபன், உன்ர மோளுக்கு வாய் இருக்கெண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லையே!"

கூட்டம் முடிய, நஜீம் நானாவின் வாசலில் கிடந்த ஒரு மூட்டையை அவரே தெரிந்தெடுத்து, நூறு நெல்மணி எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

சாக்கு ஈரமாகத்தான் இருக்கிறது. மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

தொண்ணூற்று மூன்று முளைத்திருந்தது. கோகுலன் மாமா இரண்டு தரம் எண்ணினார். நான் படம் எடுத்தேன். கீழே இடம், திகதி, என் பெயர் — தாட்சாயினி பிரதாபன் — எழுதிக் குறூப்புக்குப் போட்டேன்.

ஏழு பேரில் ஐந்து பேர் மூட்டைகளைத் திரும்ப எடுத்துப் போனார்கள். மாமா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளில் மூட்டையை வைத்துக்கொண்டு, "முதலாளி, கயிறு கிடக்கோ?" என்றார். நஜீம் நானா புதுக் கயிறு எடுத்துக் கொடுத்தார்.

மற்ற இருவர் இன்னும் வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்

மழை. வயல் பச்சை பிடித்துவிட்டது.

மத்தியானம் கோகுலன் மாமா எனக்குத் தனியே ஒரு பதிவு அனுப்பினார். குளக்கட்டில் வெடிப்பாம், உடனே எல்லாருக்கும் பகிரட்டாம். கீழே மாமாவின் குரல்: "பிள்ளை, நான் இன்னும் ஒருத்தருக்கும் அனுப்பேல்லை. நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு."

அக்காவிடம் குடையைக் கேட்டேன்.

"எங்க புள்ள, இந்த மழைக்க?"

"குளம் கிட்டத்தானே அக்கா. நேரில பாத்திட்டு வாறன்."

அக்கா குடையைத் தரவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு என்னோடு வந்தார்.