சராசரிக் கோடு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

மனநல சிகிச்சைக்கு வருபவர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று கணக்குப் போடுவதுதானே என் வேலை? வாராவாரம் தங்கள் மனநிலைக்கு அவர்களே போட்ட மதிப்பெண்களைச் சராசரியாக்கி, அழகாக ஏறும் ஒரே கோடாகக் காட்டினேன். அவர்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இப்படி நேரா ஏறிக்கிட்டே போற ஒரு ஆள என் ரூம்ல நான் பாத்ததே இல்லையேப்பா!"

பிறகு ஆளுக்கொரு கோடு வரைந்தேன். பலருக்கும் அது முதலில் தடாலென்று விழுகிறது. அடக்கியதையெல்லாம் கொட்டி அழுத வாரம் அது. அதன் பிறகுதான் ஏறுகிறது.

என் பழைய போர்வையை அனுப்பி வை. இங்கே வாங்கியது குளிர் தாங்கவில்லை.

அப்பா போனதிலிருந்து போனில் இருவரும் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிக்கொள்கிறோம். ஞாயிறு கூப்பிடுகிறேன். நீ அழுதால் பேச்சை மாற்ற மாட்டேன். நான் அழுதால் நீயும் மாற்றாதே.

பஸ் வந்துவிட்டது.

உன் மகன்