எழுமலைப் பாம்பின் நீளம்

செப்டம்பர் 3, புதன்

திருப்பரங்குன்றத்து மைக்செட் சக்கரவர்த்தியாகிய எனக்கு இன்று வாடகை ஆர்டர் ஒன்றுகூட இல்லை. தங்கச்சி வீட்டுக்குப் போய், எழுமலையில் நான் வெறுங்கையால் பிடித்த பாம்பை அவள் மகள் பவதாரிணிக்கு மறுபடியும் அவிழ்த்துவிட்டேன். பதினெட்டு அடி என்றேன்.

"போன வாரம் பன்னெண்டுன்னீக மாமா. நடுவுல யாரு சோறு போட்டா?"

கணக்குப் பாடத்தில் நாற்பது எடுக்கிற கழுதை, என் பொய்க்கணக்கில் மட்டும் நூற்றுக்கு நூறு. பதினான்காம் தேதி அவளுக்கு மாவட்டக் கபடித் தேர்வு. பத்தாவது முடிப்பதற்குள் மாவட்ட அணிப் பனியனைப் போட்டுவிட வேண்டுமாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பசுமலையில் ஆட்டம். மைக் என் கையில். மடக்க வந்தவளின் முழங்கால் பவதாரிணியின் காதோரம் இடித்தது, விழுந்தாள். கோச் ராஜபாண்டி முகத்தில் தண்ணீர் அடித்தான். நான் முழங்கினேன்: "இது தலையில்ல, கருங்கல்லு! கட்டுப் போட வேண்டியது அந்த முழங்காலுக்கு!" கூட்டம் விசிலடித்தது. எழுந்து ஆடினாள். ஜெயித்தோம்.

பைக்கில் வரும்போது, "யாரு மாமா ஜெயிச்சா?" என்றாள். நக்கல் என்று சிரித்தேன். பழங்காநத்தம் வருவதற்குள் மறுபடி அதையே கேட்டாள்.

வண்டியை ஓரங்கட்டினேன். "பாம்பு நாப்பது அடிடீ."

"அப்படியா மாமா."

அம்புட்டுதான். பதினெட்டு என்னாச்சு என்று கேட்கவே இல்லை.

செப்டம்பர் 8

நேற்றே ஆஸ்பத்திரி என்றேன். "நீ கொசுவ யானைம்ப. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்ணே" என்றாள் தங்கச்சி முத்துமீனா. என்னை யார் நம்புவார்கள்? காலையில் பிள்ளை வாந்தி எடுத்தபிறகுதான் ஓடினோம்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது. தான் சொல்லும்வரை ஆட்டமே கூடாது, ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் அம்மா.

"விழுந்த பிள்ளைய உடனே வெளிய உக்கார வைக்கணும். திரும்ப ஆட விட்டது யாரு?"

நான் அவர் மேசையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12

வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல." ராஜபாண்டி போன் போட்டான்: "ஒரே ஒரு ரெய்டு மாப்ள, செலக்சன் முடிஞ்சிரும்." முத்துமீனாவுக்கும் மனசு ஆடுகிறது.

நான் விடமாட்டேன். விட்டுவிடுவேனோ?

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்தேவிட்டாள். பனியன் போட்டு, கோட்டோரம் நிற்கிறாள். மைக்கில் சொன்னேன்: "பவதாரிணிக்குத் தலையில அடி. இன்னிக்கு ஆடமாட்டா. அன்னிக்கு ஆட விட்டது என் வாய்தான்."

கூட்டம் சிரித்தது. அடுத்த புளுகுக்குக் காத்திருந்தது. நான் மைக்கை அணைத்துவிட்டு, களத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பட்டியலில் அவள் பெயரை அடிக்கும்வரை எழவில்லை.

"இனி எங்கூடப் பேசாதீக" என்றாள்.

செப்டம்பர் 21

பேசவில்லை.

செப்டம்பர் 28

இல்லை. தலைவலி குறைந்திருக்கிறதாம். முத்துமீனா சொன்னாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

முத்துமீனா காபி கொடுத்தாள். உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. சும்மா இருக்க முடியாமல், அவளிடமே பாம்பை எடுத்துவிட்டேன். முப்பது அடி என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"பதினெட்டு. அதுக்கு முன்ன பன்னெண்டு."