சிகரெட் வைக்காத தட்டு

என் சரோஜா அக்காவுக்கு,

போன இடத்திலாவது யாரையும் அதட்டாமல் இருக்கிறீர்களா? எனக்கென்னவோ நம்பிக்கையில்லை.

நம் டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டது. இந்தக் குளிருக்கும் என் மகள் கவிக்கு மூச்சிழுப்பு வரவில்லை, அக்கா. முதலில் அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் லயத்து வீடுகளில், உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது. உங்கள் வீட்டு அண்ணன் பற்றவைத்தால் புகை சுவர் தாண்டிக் கவியின் தொட்டிலுக்கே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டில யாரு சிகரெட் குடிக்கிறது?" என்று கேட்டார். கூட வந்த நீங்கள்தான், "எங்க வீட்டுக்காரருங்க. புகை இவங்க பக்கம் போயிருதுங்க" என்றீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகச் சொந்தப் புருஷனை யார் இப்படிக் காட்டிக்கொடுப்பார்கள்?

அன்று சாயங்காலமே அண்ணனை வெளியே அனுப்பினீர்கள்.

"மழை பெய்யுதுடி!"

"கொடைய எடுத்துட்டுப் போங்க. பச்சப்புள்ள மூச்சு விடணும்ல?"

அம்மாடி, என்ன வாய் உங்களுக்கு! அப்புறம் ஒவ்வொரு காம்பராவாகப் போய்ச் சண்டை பிடித்தீர்கள். "டாக்டரம்மா வாராங்க" என்று கிண்டல் செய்தவர்களும் கடைசியில் வாசலுக்கு வந்துதான் பிடித்தார்கள்.

நீங்கள் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. அத்தனை வருஷம் அந்தப் புகைக்குள் படுத்து எழும்பிய உங்கள் நெஞ்சுதான் கெட்டுப்போயிருந்தது. இது என்ன நியாயம், அக்கா?

சாவு வீட்டில் வெற்றிலைத் தட்டில் சிகரெட்டும் வைப்பது நம் வழக்கமில்லையா? உங்களைக் கிடத்தியிருந்த அன்று டயகமயிலிருந்து வந்த உங்கள் தம்பி ஒரு பாக்கெட்டைப் பிரித்து அடுக்கினார். அண்ணன் எழுந்து எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார்.

"என்ன மச்சான், மொறை வேணாமா?"

"இது அவ வீடு மச்சான். உள்ள வேணாம்."

அதுவரை அழாமல் இருந்த நான் அப்போதுதான் ஓவென்று அழுதேன்.

கடைசிக் காம்பராவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நேற்று அந்தத் தம்பி உள்ளேயே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். யாராவது போய்ச் சொல்ல மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருத்தரும் அசையவில்லை. நானே போய்க் கதவைத் தட்டினேன்.

இனி இந்த லயத்தில் பிறக்கப்போகிற ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தட்டுவேன், அக்கா. சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மல்லிகா