சுவரோரக் கட்டில்

அக்கா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு எழுத்து என்றாலே ஆகாது. நான் இரண்டு வரிக்கு மேல் தட்டி அனுப்பினால், "வாயத் தொறந்து பேசு லா, உன் தொண்டைக்கு என்ன வாடகையா கட்டுற?" என்று குரல் பதிவில் திட்டுவீர்கள். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை இங்கே ஜோகூரில், மாசாய் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. எக்குவடோரின் தலைநகர் கித்தோவிலிருந்து. நீலக் கதவு வைத்த அந்த விடுதி, நாம் விடுதி பார்த்துக் குறித்துவைத்த உங்கள் நோட்டில் பதினோராவது பக்கம். போன வாரம் அவர்களிடம் கட்டில் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். பதிலைப் படித்தேன். பேருந்து வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

கித்தோ உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதல்முறை நான் கேட்டது நினைவிருக்கிறதா? நம் ப்ளாட்டுக்குக் கீழே ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்து வந்திருந்தீர்கள். கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தில் ஒரு சாத்தேக் குச்சியைக் குத்தி மறுபக்கம் வெளியே எடுத்தீர்கள். "இந்தப் பக்கம் எங்க ஊரு லாபிஸ். அந்தப் பக்கம் கித்தோ. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எங்க வாத்தியார் ஸ்கூல்ல இப்படித்தான் காட்டுனாரு. நம்ம காலுக்கு நேர் கீழ ஒரு ஊரு லா! பழைய ஊரு, தெருவுக்குத் தெரு கோயிலு. பாக்காம சாவக் கூடாது." பிறகு அந்தப் பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தீர்கள்.

நீங்கள் மூன்றாம் மாடி, நாங்கள் நான்காம் மாடி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் நீங்கள் தரப் பரிசோதகர். நாள் முழுக்கச் சின்னச் சின்னப் பாகங்களை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, நல்லதை "ஓகே" என்றும் கெட்டதை "என்ஜி" என்றும் பிரிப்பது உங்கள் வேலை. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். "நீ படிச்ச புள்ள, நெட்ல தேடு. நான் பாத்து ஓகேவா என்ஜியான்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தீர்கள். நாம் இரண்டு பேரும் போவது என்று அன்றே முடிவாகிவிட்டது. ஓட்டல் வேண்டாம், பல கட்டில் போட்ட ஆஸ்டல் போதும், ஆனால் நல்ல ஆஸ்டலாக இருக்கவேண்டும் என்பது உங்கள் கட்டளை.

ஆஸ்டல் தேடுவது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"ஒன்பது புள்ளி ரெண்டு அக்கா. நல்ல மார்க்கு."

"மார்க்க விடு. பாத்ரூம் படத்தக் காட்டு."

"பாத்ரூம் படம் போடல."

"என்ஜி. அடுத்தது."

பதினெட்டு வயதில் லாபிஸிலிருந்து வந்து தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில், அஸ்ராமாவில், ஏழு வருடம் இருந்தவர் நீங்கள். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பெண்கள். ஈரத்துணி எங்கே காயும் என்று பார்ப்பீர்கள். காயப்போட இடமில்லாத அறையில் மூன்றாம் நாள் என்ன நாற்றம் அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் எடுத்த படத்தில் எத்தனை ஜோடி செருப்பு என்று எண்ணுவீர்கள். கித்தோ மலைமேல் இருக்கிற ஊர், நம்மைப் போன்றவர்களுக்கு முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும் என்று நான் படித்துச் சொன்னதும், பழைய வீடுகளில் மின்தூக்கி இருக்காது, எத்தனை படி ஏறவேண்டும் என்று உங்கள் கைப்பேசியிலிருந்தே எழுதிக் கேட்கச் சொன்னீர்கள். கருத்துகளைப் படிக்கவும் உங்களுக்கு ஒரு முறை இருந்தது. "சந்தோசத்துல இருக்கிறவன் அஞ்சு நட்சத்திரம் போடுவான். சண்ட போட்டவன் ஒண்ணு போடுவான். மூணு போட்டவனப் படி. அவன்தான் அங்க படுத்துத் தூங்கியிருக்கான்."

எல்லாவற்றுக்கும் மேல், கதவுப் பக்கத்துக் கட்டில். அஸ்ராமாவில் புதிதாக வருகிறவளுக்குத்தான் அதைக் கொடுப்பார்களாம். ஷிப்ட் மாறும் போதெல்லாம் யாராவது கதவைத் திறப்பார்கள், வெளிச்சம் நேரே முகத்தில் விழும். ஆறு மாதம் நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. "ஒலகத்துல எங்க போனாலும் கதவோரக் கட்டில்ல படுக்காத" என்பீர்கள்.

நீலக் கதவு விடுதி அகப்பட்ட அன்று நமக்கு எவ்வளவு சந்தோஷம்! பழைய நகரத்தில் முற்றம் வைத்த வீடு. பெண்களுக்குத் தனி அறை, ஆறு கட்டில். மொட்டை மாடியில் துணிக்கொடி, துணிகளுக்குப் பின்னால் தூரத்துக் குன்றில் இறக்கை விரித்து நிற்கும் மாதா சிலை. வெந்நீர் காலையில் மட்டும்தான் என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். "காலைல குளிச்சிருவோம்." பக்கத்துக் கோயில் மணி விடியும்போதே எழுப்பிவிடுகிறது என்று இன்னொருவர் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் படித்தேன். நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தீர்கள். "மணியடிக்குதா? அலமாக், அதுக்குத்தானே அவ்ளோ தூரம் போறோம்! எழுது, ஓகே!"

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தேன்.

எனக்குப் பெர்மாஸ் ஜெயாவில் அலுவலக வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் நன்றாக உடுத்துவார்கள், அவர்களுடைய அப்பா அம்மாவும் படித்தவர்கள். அவர்கள் பேச்சில் நான் பெரும்பாலும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் அன்று காலை ஷிப்ட் இல்லாமல் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், தொழிற்சாலைச் சட்டையோடு, ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, நேராக எங்கள் மேசைக்கு வந்தீர்கள். நோட்டைத் திறந்து, "பாப்பா, படிக்கட்டு பதிமூணுதானாம்! அந்த ஆஸ்டல்கார அம்மா பதில் போட்டுட்டாங்க" என்றீர்கள்.

ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "கித்தோவா? டோர்ம்லயா படுப்பீங்க? அவ்ளோ தூரம் போயி, முன்னபின்ன தெரியாதவங்களோடயா?" மற்றவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "நீயுமா போற?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல, இல்ல" என்றேன். "இவங்க எங்க ப்ளாட்ல இருக்காங்க. இவங்கதான் போறாங்க. நான் சும்மா தேடிக் கொடுக்கிறேன்."

நீங்கள் என்னை ஒரு நொடிதான் பார்த்தீர்கள். பிறகு நோட்டை மூடி ஹெல்மெட்டுக்குள் வைத்தீர்கள். "ஆமா லா. நமக்கு இங்கிலீசு வராது. பாவம், இந்தப் புள்ளதான் நேரம் ஒதுக்கித் தேடிக் கொடுக்குது. நல்ல புள்ள." அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மோட்டார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தீர்கள். நான் பொய் சொன்னேன் என்பதைவிட, அதற்கு நீங்கள் முட்டுக்கொடுத்ததுதான் இன்னும் என் காதில் நிற்கிறது.

அதன்பின் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இருவரும், நாம் கித்தோ போக இருந்த அதே விடுமுறைக்கு, லங்காவித் தீவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். சரி என்றுவிட்டேன். உங்களிடம் வந்து, "நீலக் கதவுல எடமில்லக்கா. எல்லாம் ஃபுல்லு. மத்ததெல்லாம் நல்லா இல்ல" என்றேன். படிக்கட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன், உள்ளே வரவில்லை.

"பரவால்ல லா" என்றீர்கள். "ஊரு எங்க ஓடிறப் போவுது? நம்ம காலுக்குக் கீழதானே இருக்கு. நீ சாப்டியா?"

லங்காவி விடுதியில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. ஈரத்துணி காயப்போடத்தான் இடமில்லை. மூன்று நாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து உங்களுக்கு டெங்கி. ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. உங்கள் அடக்கப் பூசையில் கோயிலின் கடைசி வரிசையில் நின்றேன். லாபிஸிலிருந்து வந்திருந்த உங்கள் அம்மா எல்லோருடைய கையையும் பிடித்துக்கொண்டே வந்தார். என்னிடம், "நீ யாரும்மா, கூட வேல செய்யிற புள்ளயா?" என்று கேட்டார். தோழி என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? "பக்கத்து ப்ளாட்டு" என்றேன். இரண்டாவது முறை.

உங்கள் வீட்டைக் காலி செய்த அன்று அவர்தான் அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். பாதிக்கு மேல் வெற்றுத்தாள் இருக்கிறது, படித்த பிள்ளைக்கு உதவும் என்று. அன்று இரவே பதினோராம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் சொன்ன பொய்க்குப் பிறகு நீங்கள் அதில் "என்ஜி" என்று மாற்றியிருப்பீர்கள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. "ஓகே, 2 கட்டில்" என்று பழைய மையிலேயே இருந்தது. என் பொய்யை நம்பி, இடம் கிடைத்தால் பிறகு போகலாம் என்று விட்டுவைத்தீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் இத்தனை நாள் எனக்கு ஆறுதல்.

இன்று காலை அதுவும் போனது.

அந்த விடுதிக்கார அம்மா எழுதியிருந்தார்: "உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நினைவு வந்தது. போன வருடம் ஜோகூரிலிருந்து ஒரு பெண் இரண்டு கட்டில் கேட்டிருந்தார். இடம் இருக்கிறது என்று பதில் போட்டேன். பிறகு அவர் எழுதவில்லை. அவர் உங்கள் அக்காவா?" கீழே நீங்கள் அனுப்பிய செய்தியையும் தன் பதிலையும் தேதியோடு ஒட்டியிருந்தார். உங்கள் ஆங்கிலம் எனக்குத் தெரியாதா? படிக்கும்போதே உங்கள் குரல் கேட்டது. மேடம், இரண்டு பெண்கள் வருகிறோம். எனக்கு எந்தக் கட்டிலானாலும் பரவாயில்லை. என் தங்கை மிகவும் கூச்சப்படுவாள், வாய் திறந்து கேட்கமாட்டாள். அவளுக்குக் கதவுப் பக்கம் வேண்டாம், தயவுசெய்து சுவரோரக் கட்டில் கொடுங்கள். அவள் பட்டதாரி, மேடம்.

அந்த அம்மா உங்களுக்குப் பதில் போட்டிருந்தது, நான் படிக்கட்டில் நின்று இடமில்லை என்று சொன்ன நாளுக்கு முதல் நாள்.

தெரிந்துதான் "சாப்டியா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் விளக்கடியில் எத்தனையோ ஆயிரம் பாகங்கள் வந்து போயிருக்கும். மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டீர்கள் என்று உங்கள் கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். என்னை மட்டும் ஏன் ஒதுக்காமல் விட்டீர்கள் என்று தெரியவில்லை. இப்போது நான் எந்த ஊருக்கு விடுதி தேடினாலும் மூன்று நட்சத்திரக் கருத்தைத்தான் முதலில் படிக்கிறேன். புதிதாக ஓர் அறைக்குள் போனால் கண் துணிக்கொடியைத் தேடுகிறது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவும் என்னிடம் இருக்கிறது. யாரிடமிருந்து எடுத்தேன் என்று சொல்லத்தான் எனக்கு இரண்டு முறையும் வாய் வரவில்லை.

அடுத்த பேருந்தும் போனபிறகு, நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினேன். ஆமாம், அவர் என் அக்கா. இறந்துவிட்டார். உங்கள் விடுதியைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், நான் இல்லை. இரண்டு கட்டில் வேண்டும்.

கூச்சப்படாமல் வாய் திறந்து கேள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. சுவரோரக் கட்டிலில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். கதவுப் பக்கம் நான் படுக்கிறேன்.