காசிம் எண்ணிவிட்டுப் போன வரிசை

அன்பு மச்சான் காசிம், மண்ணுக்குள் இருக்கிற உனக்கு என் ஸலாம்.

நீ மௌத்தான பிறகுதான் அந்தக் காலம் வந்தது. டொலர் இல்லை என்று நாடே வரிசையில் நின்றது. உரமில்லாமல் சாகாமத்து வயல்களில் வெள்ளாண்மை பாதி பதராய்ப் போயிற்று. கல்முனையில் என் ஸ்டோரில் அரிசி இருந்தது. விலை இன்னும் ஏறும் என்று பூட்டி வைத்திருந்தேன். வியாபாரி வேறென்ன செய்வான்?

"தட்டுப்பாடு வந்தா உன்ட சந்தை ஆரை முதல்ல மறக்கும், சொல்லு பாப்பம்?" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்பாயே.

"உன்ட சோசலிசத்தால ஒரு கொத்து அரிசி விளையுமா?"

"விளையாது. விளைஞ்சதப் பங்கு வைக்கும்."

உன் கூட்டுறவுச் சங்கக்கடையை உன் கட்சி ஆட்களே தின்று முடித்தார்கள். அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் நீ மனேஜராய் இருந்தவரை, சீனி வந்தாலும் மா வந்தாலும் முதலில் வரிசை நெடுக நடப்பாய். ஒவ்வொரு பையையும் விரலால் தட்டி ஆளை எண்ணுவாய். பிறகுதான் பூட்டில் கை வைப்பாய். கடைசி ஆளுக்கும் சமபங்கு.

ஒரு நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வருகிறேன். மூடிக் கிடக்கும் உன் சங்கக்கடை வாசலிலிருந்து என் ஸ்டோர்ச் சுவர்வரை பைகள். பறக்காதிருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கல். இடம் பிடித்துவிட்டுச் சனம் சமையல் காஸ் வரிசைக்குப் போயிருந்தது. மருதமுனை நெசவுக்காரி ஆயிஷா ராத்தா மட்டும் குந்தியிருந்தார்.

"இஞ்ச அரிசி குடுக்கிறெண்டு ஆரு ராத்தா சொன்ன?"

"மனேஜர்தான். இப்பதான் பையத் தட்டி எண்ணிட்டுப் போறாரு. எதிர்ல காணல்லியா?"

"காசிமா? அவர் மௌத்தாகிட்டாரே!"

"அப்பிடியா?" என்றார், அதிராமல். "அதான் செருப்புச் சத்தம் கேக்கல்ல."

அப்போது பூட்டிய ஸ்டோருக்குள் சத்தம். மூட்டைகளை ஒவ்வொன்றாய் விரலால் தட்டுவது போல. எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி இத்தனை ஒழுங்காய்த் தட்டுமா, மச்சான்?

வெயில் ஏறச் சனம் திரும்பி வந்து தத்தம் பைகளின் பின்னால் நின்றது. நான் வரிசை நெடுக நடந்தேன். பையைத் தட்டி ஆளை எண்ணினேன். பிறகே ஸ்டோரைத் திறந்தேன். பழைய விலை, சமபங்கு.

"முதலாளிக்குப் பேய் புடிச்சிட்டு!" என்றான் ஒரு மீன்காரன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு பங்கு மிஞ்சியது. எண்ணுவதில் நான் பிழை விடுகிற ஆளா? உன் கடைக் கதவடியில் ஒரு துணிப்பை கிடந்தது. கல் இல்லை. காற்று வீசியும் அது அசையவில்லை. கேட்டு யாரும் வரவில்லை.

இப்போது வரிசைகள் போய்விட்டன, விலை மட்டும் இறங்கவில்லை. நான் இன்னும் லாபம் பார்க்கிறவன்தான். உன் கட்சியில் சேரமாட்டேன். அந்தப் பை மட்டும் ஸ்டோரில் ஆணியில் தொங்குகிறது. உன் தங்கச்சி அதைத் தொடுவதில்லை.

அடுத்த தட்டுப்பாட்டிலும் மூட்டைக்கு முன் ஆளைத்தான் எண்ணுவேன், உன்னையும் சேர்த்து. நீ எழும்பி வரத் தேவையில்லை. உறங்கு, மச்சான்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
ஹனிபா