தூங்காத கரடி

ஜூன் 4

என் அன்பு மகாராணிக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கோபித்துக்கொண்டு கிளம்பியவள் நீ. உன் அண்ணன் வீட்டில் நம் வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

லிஃப்ட் விழாமல் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் வேலையை உதறிவிட்டுப் பொம்மை செய்யக் கிளம்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். இதுவரை செய்த எல்லாவற்றையும் பொம்மைக் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதோடு வருகிற கரடிதான் கடைசி நம்பிக்கை. எப்படித் தள்ளினாலும் தானே எழுந்து நிற்கும். வயிற்றுக்குள் இரும்புக் குண்டு வைத்திருக்கிறேன். மேசைமேல் வைத்துக் கை ஓயும்வரை தள்ளிப் பார்த்தாயிற்று. வாண்டு என்ன சொல்கிறாள் என்று எழுது.

இது ஜெயித்தால் திரும்பி வந்துவிடுவீர்கள்தானே? வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்,
முன்னாள் இன்ஜினியர்

ஜூன் 11

வாண்டுவின் அப்பாவுக்கு,

சாப்பிடுகிறாள். கரடியைப் பார்த்ததும் குதித்தாள். அன்று மாலையே அழுகை. பக்கத்தில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டால், அது போர்வையைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கிறது. "அதுக்கு என்னைப் பிடிக்கலம்மா. எங்கிட்ட தூங்கவே மாட்டேங்குது" என்று விசும்பினாள்.

எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தே பார்க்கிறீர்கள். ஒருநாள் வந்து அவளோடு தரையில் உட்காருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாண்டுவின் அம்மா

ஜூன் 15

மகாராணி,

வருகிறேன், கட்டாயம் வருகிறேன். ஆனால் இப்போது முடியாது. அடுத்த வாரம் கரடியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஒரு பொம்மைக் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். இருப்பது அந்த ஒரே கரடி. இன்னொன்று செய்ய அவகாசமில்லை. உடனே அனுப்பு. படுத்துக் கிடந்தால் அது சாதாரணக் கரடி, எழுந்தால்தான் கண்டுபிடிப்பு. குழந்தைக்கு எடுத்துச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதுவும் போனால் எனக்கு வேறெதுவும் இல்லை.

உன்,
முன்னாள் இன்ஜினியர்

ஜூன் 18

வாண்டுவின் அப்பாவுக்கு,

எடுத்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கு வயித்து வலிம்மா, அதான் படுக்க முடியல" என்றாள். கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தையலைப் பிரித்துக் குண்டை எடுத்துவிட்டு, பஞ்சு அடைத்துத் தைத்தோம். இப்போது அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

வேறெதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுது தீர்த்துவிட்டேன்.

கரடியை அனுப்பப் போவதில்லை. நாங்களும் வருவதாக இல்லை. உங்கள் இரும்புக் குண்டை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாண்டுவின் அம்மா